புகையை விட்ட பிறகு வரும் இரவுகள்

இந்தக் கையேடு 60 வயதை நெருங்கியவர்களுக்கும் அதைக் கடந்தவர்களுக்கும் உரியது. புகைபிடிப்பவர், விட நினைப்பவர், அண்மையில் விட்டவர், இவர்களோடு ஒரே வீட்டில் வசிப்பவர் எல்லாரும் படிக்கலாம். புற்றுநோயைப் பற்றியும் மாரடைப்பைப் பற்றியும் நீங்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பீர்கள். சிகரெட் பெட்டியின் மேலேயே அந்தப் படங்கள் இருக்கின்றன. இங்கே நாம் பேசப்போவது தூக்கத்தைப் பற்றி.

“படுக்கும் முன் ஒன்று பிடித்தால்தான் எனக்குத் தூக்கமே வரும்” என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். “நடு இரவில் முழிப்பு வந்துவிட்டால், கீழே போய் ஒன்று பிடித்துவிட்டு வந்தால்தான் மறுபடியும் கண் அசரும்” என்றும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. ஏன் அப்படித் தோன்றுகிறது, உடம்புக்குள் என்ன நடக்கிறது, புகையை விட்ட பிறகு வரும் முதல் சில வாரங்களை எப்படிக் கடப்பது என்பதை இந்தப் பக்கங்கள் விளக்குகின்றன. அந்த முதல் வாரங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறோம். பலர் தோற்றுப்போவது அங்கேதான்.

அன்று விழித்திருக்கப் பிடித்தது

துறைமுகத்திலோ கப்பல் பட்டறையிலோ பாதுகாவல் பணியிலோ நீங்கள் இரவு வேலை பார்த்திருந்தால், அந்த நாள்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதிகாலை 2 மணிக்குக் கண் சொருகும்போது என்ன செய்தீர்கள்? ஒரு காப்பி, ஒரு சிகரெட். தூக்கம் கலைந்தது, வேலை நடந்தது. அன்று தூக்கத்தை விரட்டிய அதே பொருள் இன்று தூக்கத்தை அழைத்து வருமா?

சிகரெட்டிலும் பீடியிலும் சுருட்டிலும் இருக்கும் நிக்கோட்டின், காப்பியில் உள்ள காஃபீனைப் போல உடலைத் தூண்டிவிடும் பொருள். புகையை உள்ளே இழுத்த 10, 20 விநாடிகளுக்குள் அது மூளையை எட்டிவிடுகிறது. நாடித்துடிப்பு வேகமாகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓய்வெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த உடம்பு மறுபடியும் விழித்துக்கொள்கிறது. அதனால் புகைபிடிப்பவர்களுக்குத் தூக்கம் வரக் கூடுதல் நேரம் ஆகிறது. வந்த தூக்கமும் ஆழமாக இருப்பதில்லை.

இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. இரவு 10 மணிக்குக் கடைசி சிகரெட்டைப் பிடித்தால், நள்ளிரவில் அதில் பாதி மிஞ்சியிருக்கும். 2 மணிக்குக் கால்பங்கு. 3, 4 மணி ஆகும்போது மூளை அடுத்த சிகரெட்டைத் தேடத் தொடங்கும். உறக்கம் கலையும். ஆக, இரவின் முன்பாதியில் நிக்கோட்டின் இருப்பதால் தூக்கம் கெடுகிறது, பின்பாதியில் அது இல்லாததால் கெடுகிறது. 3 மணிக்கு எழுந்து ஒன்று பிடித்ததும் கிடைக்கிற அந்த நிம்மதி, சிகரெட் உண்டாக்கிய ஏக்கத்தைச் சிகரெட்டே தணித்ததால் வந்தது. கடன் கொடுத்தவனே வட்டி கட்டவும் காசு கொடுப்பதைப் போன்ற உதவி இது.

அமெரிக்காவில் 785 பேரின் தூக்கத்தை வீட்டிலேயே கருவி பொருத்தி அளந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. படுப்பதற்கு முந்திய 4 மணி நேரத்துக்குள் நிக்கோட்டின் எடுத்துக்கொண்ட இரவுகளில் தூக்கம் துண்டு துண்டாகக் கலைந்ததாக அது காட்டியது. தூக்கமின்மைக் கோளாறு ஏற்கெனவே இருந்தவர்களிடம் பாதிப்பு இன்னும் கூடுதல்.

வயதாக ஆக ஆழ்ந்த தூக்கம் எல்லாருக்கும் இயல்பாகவே குறைகிறது. சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது, மூட்டு வலிக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வருகிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் நல்லது. “வயசாகிவிட்டது, இனி நாலு மணி நேரம் போதும்” என்று பலரும் சொன்னாலும் அது சரியில்லை. இளவயதில் ஒரு சிகரெட் தூக்கத்தில் கொஞ்சம் கிள்ளி எடுத்திருக்கும். இந்த வயதில் எடுப்பதற்கு மிச்சம் அதிகம் இல்லை.

குறட்டை, இருமல், காலைத் தலைவலி

நிக்கோட்டின் ஒரு பக்கம் இருக்க, புகை வேறு செய்கிறது. அது மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்களின் உட்சுவரை வீங்கச் செய்கிறது, சளியைக் கூட்டுகிறது. நாம் மல்லாந்து படுத்ததும் ஏற்கெனவே குறுகிப்போன பாதை இன்னும் குறுகுகிறது. குறட்டை சத்தமாகிறது. புகைபிடிப்பவர்களிடம் குறட்டை அதிகமாகக் காணப்படுகிறது. தூக்கத்தில் மூச்சு சில விநாடிகள் நின்று நின்று வரும் கோளாறும் அவர்களில் பலருக்கு இருக்கிறது.

இந்தக் கோளாறு உங்களுக்கு இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். குறட்டை திடீரென்று நின்று, பிறகு மூச்சுத் திணறியதுபோல ஒரு பெரிய இழுப்போடு தொடர்கிறதா என்று உங்கள் துணைவரைக் கேளுங்கள். காலையில் தலைவலியோடு எழுவதும், பகலில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுவதும் இதற்கான மற்ற அடையாளங்கள். இவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் தள்ளிப்போடவே கூடாது.

புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவும் உண்டு. அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்கிறது. பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், இது வேகமாக விலகும். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு சுமார் 12 மணி நேரத்தில் இரத்தத்தில் இதன் அளவு இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. இன்று இரவு 8 மணிக்கு நிறுத்தினால் நாளை காலைப் பசியாறும் நேரத்துக்கு அந்த வாயு பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

இரவில் புகைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீவக புளோக்குகளின் வெற்றுத்தளத்திலும் தாழ்வாரத்திலும் மாடிப்படியிலும் புகைபிடிப்பது 2013 ஜனவரி 15 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே 3 மணிக்கு ஏக்கம் வந்தால் ஒருவர் அரைத் தூக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு, மின்தூக்கியில் இறங்கி, ஈரத்தரையைத் தாண்டி வெளியே போக வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சட்டென்று எழுந்தாலே தலை சுற்றும். இடுப்பெலும்பு முறிவதற்கு ஒரு தடவை விழுந்தால் போதும். கீழே போகச் சோம்பல்பட்டுப் படுக்கையிலேயே பற்ற வைப்பது அதைவிட மோசம். கண் அசந்தால் தீப்பிடிக்கும்.

வெற்றிலையோடு புகையிலைத் துண்டு வைத்து மெல்லும் பாட்டிமார்களுக்கும் ஒரு சொல். புகை இல்லை, ஆனால் நிக்கோட்டின் அதேதான். வாயின் உட்சுவர் வழியாக அது மெதுவாக இறங்கி, நெடுநேரம் இரத்தத்தில் தங்குகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு இரவில் போடும் கடைசி வெற்றிலை தூக்கத்தைத் தொடக்கூடியது. மூக்குப்பொடி, குட்கா, ஜர்தா போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை உள்ளது.

“மனசுக்கு ஆறுதலாக இருக்கிறதே?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நாம் அலட்சியமாகப் பார்க்கக் கூடாது. துணையை இழந்தவருக்கும், பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு தனியாக இருப்பவருக்கும், காப்பிக்கடையில் நண்பர்களோடு உட்காரும் அந்த அரை மணி நேரமும் கையில் இருக்கும் சிகரெட்டும் ஒன்றாகவே பிணைந்துவிட்டன. ஆறுதல் தருவது நண்பர்கள். பெயர் வாங்குவது சிகரெட்.

கடைசியாகப் பிடித்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆனதும் எரிச்சல், படபடப்பு, கவனச் சிதறல் தொடங்குகின்றன. அடுத்ததைப் பிடித்ததும் அவை அடங்குகின்றன. ஒரு நாளில் இது பத்துப் பதினைந்து முறை நடந்தால், “என் கவலையைத் தணிப்பது இதுதான்” என்று மனம் கற்றுக்கொள்ளாமல் என்ன செய்யும்? புகைபிடிக்காதவருக்கு இந்தப் பத்துப் பதினைந்து சின்னப் பதற்றங்கள் வருவதே இல்லை. 2014இல் மருத்துவ அறிஞர்கள் 26 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். புகையை விட்டவர்களுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு மனப்பதற்றமும் மனச்சோர்வும் அழுத்தமும் முன்பைவிடக் குறைந்திருந்தன. தொடர்ந்து புகைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

“சில வாரங்களுக்குப் பிறகு” என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் ஒரு கடினமான காலம் இருக்கிறது.

முதல் நான்கு வாரங்கள்

புகையை நிறுத்தியதும் தூக்கம் உடனே சீராகும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலோருக்கு முதலில் தூக்கம் மோசமாகும். முதல் சில நாள்களில் ஏக்கமும் எரிச்சலும் உச்சத்தில் இருக்கும். இரவில் பலமுறை விழிப்பு வரும். பிறகு சிறுகச் சிறுகத் தணிந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். இது தெரியாதவர், ஐந்தாம் நாள் இரவில் கண் எரியப் படுத்திருக்கும்போது, “விட்டதால்தான் தூக்கம் போயிற்று, பழையபடி பிடித்தாலே நல்லது” என்று முடிவு கட்டிவிடுகிறார். உடம்பு மாறிக்கொண்டிருப்பதன் அடையாளத்தை அவர் கேடு என்று நினைத்துவிடுகிறார்.

நிறுத்தும் நாளைக் குறிக்கும்போது, அடுத்த நான்கு வாரங்களில் திருமணம், வெளிநாட்டுப் பயணம், அறுவை சிகிச்சை போன்றவை இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் எரிச்சலுக்குக் காரணம் தெரிந்தால் அவர்களும் பொறுத்துப்போவார்கள்.

இனி, பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: காப்பி.

புகையிலை எரியும்போது உண்டாகும் சில இரசாயனங்கள் கல்லீரலை வேகமாக வேலை செய்யவைக்கின்றன. அதனால் புகைபிடிப்பவரின் உடம்பு காஃபீனை மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வெளியேற்றுகிறது. நாளுக்கு நான்கைந்து காப்பி குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் பெருமைப்படுவது இதனால்தான். புகையை நிறுத்திய சுமார் ஒரு வாரத்துக்குள் கல்லீரல் தன் இயல்பான வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் காப்பியின் எண்ணிக்கை மாறுவதில்லை. நேற்றுவரை குடித்த அதே மூன்று கோப்பை, இன்று ஆறு கோப்பை குடித்ததைப் போல வேலை செய்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியிருக்கிறது. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று அவர் நினைக்கிறார். குற்றவாளி பாதிக்குப் பாதி காப்பிதான்.

எனவே, புகையை நிறுத்தும் நாளன்றே காப்பியையும் தேநீரையும் பாதியாகக் குறையுங்கள். கடைசிக் கோப்பை பகல் உணவுக்கு முன்பாக இருக்கட்டும். தே தாரிக்கிலும் கோலா பானங்களிலும் காஃபீன் உண்டு. மாலையில் காப்பிக்கடைக்குப் போகும் பழக்கத்தை விட வேண்டியதில்லை. பார்லி தண்ணீரோ, சீனி குறைவான சோயாப் பாலோ வாங்கிக்கொள்ளுங்கள். காப்பி இல்லாவிட்டால் அதோடு சேர்ந்து வரும் சிகரெட் ஆசையும் பாதி குறைகிறது. மேசையை மட்டும் மாற்றுங்கள். புகைபிடிக்க அனுமதியுள்ள மூலையை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.

கல்லீரலில் ஏற்படும் இதே மாற்றம் சில மருந்துகளையும் பாதிக்கிறது. ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கும் தரப்படும் தியோஃபிலின், மனநலத்துக்காகத் தரப்படும் ஓலான்சபைன், குளோசபைன் ஆகியவை புகையை விட்டதும் உடம்பில் அதிகமாகத் தேங்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் புகையை விட்ட பிறகு அளவைத் திருத்த வேண்டி வரலாம். சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நிறுத்தப்போகும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டால் போதும்.

நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை பயன்படுத்துபவர்களுக்குச் சில நேரம் கனவுகள் தெளிவாகவும் விசித்திரமாகவும் வரும். 24 மணி நேரப் பட்டையை இரவிலும் ஒட்டியிருப்பதால் நிக்கோட்டின் தூக்கத்திலும் உள்ளே போய்க்கொண்டே இருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். படுக்கப்போகும் முன் பட்டையை எடுத்துவிடலாமா, 16 மணி நேரப் பட்டைக்கு மாறலாமா என்று மருந்தாளரைக் கேளுங்கள். ஒரே இடத்தில் தினமும் ஒட்டாமல் தோள், மேல்கை, முதுகு என்று மாற்றி ஒட்டினால் தோல் அரிக்காது.

1992இல் சூயிங்கம் இறக்குமதி தடைசெய்யப்பட்ட நம் நாட்டில், 2004 முதல் மருந்தாக விற்கப்படும் கம் மட்டும் அனுமதிக்கப்படுகிறது. நிக்கோட்டின் கம் அவற்றில் ஒன்று; மருந்தாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதை மிட்டாய்போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடியும் மெல்ல வேண்டும். பொய்ப்பல் கட்டியிருப்பவர்களுக்கு அது ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். வாயில் அடக்கிக்கொள்ளும் நிக்கோட்டின் மாத்திரை அவர்களுக்கு வசதி. படுக்கப்போகும் நேரத்தில் இரண்டுமே வேண்டாம்.

கனவில் சிகரெட் பிடிப்பதுபோல வருவதும் உண்டு. காலையில் எழுந்து, உண்மையாகவே பிடித்துவிட்டோமோ என்று குற்ற உணர்ச்சியோடு சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கவலைப்பட வேண்டாம். இது மிகச் சாதாரணம். நாளடைவில் குறைந்துவிடும்.

விட்ட பிறகு சில வாரங்களுக்கு இருமல் கூடலாம். புகையால் முடங்கிப்போயிருந்த, மூச்சுக்குழாயைத் துப்புரவு செய்யும் நுண்ணிய மயிரிழைகள் மறுபடியும் வேலையைத் தொடங்குவதால் வரும் இருமல் அது. தலையணையைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். சளியில் இரத்தம் கண்டாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமல் நிற்காமல் தொடர்ந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

3 மணிக்கு விழிப்பு வந்தால்

ஏக்கம் என்பது அலையைப் போன்றது. ஏறும், சில நிமிடங்கள் நிற்கும், இறங்கும். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு என்ன செய்வது என்பதைப் பகலிலேயே முடிவு செய்து வையுங்கள். இரவு 3 மணிக்கு யோசித்தால் கால் தானாக மின்தூக்கிப் பக்கம் போகும்.

படுக்கையில் புரண்டுகொண்டே இருக்காதீர்கள். சுமார் 20 நிமிடங்கள் ஆகியும் தூக்கம் வராவிட்டால், மெதுவாக எழுந்து, கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பின் கூடத்துக்குப் போங்கள். மங்கலான விளக்கு போதும். வானொலியை மெல்லிய ஒலியில் வைக்கலாம். ஜெபமாலையோ, தஸ்பீஹ் மணியோ, மனத்துக்குள் ஒரு மந்திரமோ உங்கள் வழக்கத்தில் இருந்தால் அதற்கும் இது நல்ல நேரம். கைக்கும் வாய்க்கும் வேலை கொடுப்பதுதான் முக்கியம். இரண்டு வாய் தண்ணீர் குடிக்கலாம். முழுக் குவளையும் குடித்தால் அடுத்த விழிப்புக்கு நீங்களே ஏற்பாடு செய்ததாகிவிடும். கைத்தொலைபேசியை மட்டும் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்து கிடக்கும் காணொளிகளைத் திறந்தால் விடிந்துவிடும். கண் சொருகும்போது படுக்கைக்குத் திரும்புங்கள்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். எழுந்ததும் வெளியே போய் வெளிச்சத்தில் நடந்துவிட்டு வாருங்கள். காலை வெளிச்சம் இரவுத் தூக்கத்துக்கு அடித்தளம் போடுகிறது. பகலில் கண் அசந்தால் பாதகமில்லை. அரை மணி நேரத்தைத் தாண்டாமலும், பிற்பகல் 3 மணிக்குப் பிறகு இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் வரவில்லை என்பதற்காகச் சளி, அரிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. அந்த மாத்திரைகளில் சில மயக்கம் தருபவை. வயதானவர்களுக்கு மறுநாள் காலைவரை தள்ளாட்டமும் குழப்பமும் இருக்கும். விழுவதற்கும் அதுவே காரணமாகலாம். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்குவதும் வேண்டாம். மதுவும் அப்படித்தான்: விரைவில் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், கூடவே சிகரெட்டை நினைவூட்டும்.

புகையை விட்டபின் மனம் வெறுமையாக இருப்பதுபோலத் தோன்றுவது இயல்பு. ஆனால் இரண்டு வாரங்களுக்கும் மேலாகச் சோர்வு நீடித்தாலோ, சாப்பாட்டிலும் பேச்சிலும் நாட்டம் போய்விட்டாலோ, அதை வெறும் சிகரெட் ஏக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

மின்சிகரெட் மாற்று வழியா?

“சிகரெட்டை விட்டுவிட்டு இதைப் பிடியுங்கள் தாத்தா, இதில் புகையே இல்லை” என்று யாராவது சொன்னால், மறுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் மின்சிகரெட்டை வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாமே 2018 பிப்ரவரி 1 முதல் குற்றம். ஜோகூருக்குப் போய்வரும்போது வாங்கி வருவதும் குற்றமே.

சட்டத்தை விட்டுத் தூக்கத்தின் பக்கம் பார்த்தாலும் இலாபம் இல்லை. பல மின்சிகரெட்டுகளில் நிக்கோட்டின் தொண்டையை உறுத்தாத உப்பு வடிவில் இருப்பதால், இழுப்பவர் அறியாமலேயே அதிகம் உள்ளே போகிறது. ஒரு சிகரெட் எரிந்து முடிந்தால் முடிந்தது. மின்சிகரெட்டுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. கீழே இறங்கிப் போக வேண்டியதும் இல்லை, தலையணைக்கு அடியிலேயே இருக்கும். 3 மணிக்கு விழித்தவர் படுத்தபடியே இழுத்துவிட்டுப் படுக்கலாம். தூக்கத்தைக் கெடுக்க இதைவிட வசதியான கருவி வேண்டுமா?

பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கமூட்டப் பயன்படும் எட்டோமிடேட் என்ற மருந்தைக் கலந்த மின்சிகரெட்டுகள் இங்கே பிடிபட்டிருக்கின்றன. இளையர்கள் அதைக் ‘கேபோட்’ என்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட், போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் ‘சி’ பிரிவில் சேர்க்கப்பட்டது. பழ வாசனையோ மிட்டாய் வாசனையோ அறையில் அடிக்கடி வீசுவதும், பேனாவைப் போலவோ சின்னப் பெட்டியைப் போலவோ ஒரு கருவி பையில் இருப்பதும், பிள்ளை நேரங்கெட்ட நேரத்தில் தள்ளாடுவதும் குழறுவதும் நீங்கள் கவனிக்க வேண்டியவை. பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் நீங்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் பார்க்காததை நீங்கள் பார்ப்பீர்கள். திட்டுவதற்கு முன் பேசுங்கள். விட உதவி கேட்டுத் தாமாக முன்வருபவர்களுக்குத் தண்டனை இல்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். மயங்கி விழுந்தாலோ மூச்சு சீராக இல்லாவிட்டாலோ 995ஐ அழையுங்கள்.

“இத்தனை வயதுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது?”

பிரிட்டனில் 1951இல் தொடங்கி 50 ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வு, 34,439 ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தையும் ஆயுளையும் பின்தொடர்ந்தது. ரிச்சர்ட் டால் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 2004இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். 60 வயதில் புகையை விட்டவர்கள், தொடர்ந்து புகைத்தவர்களைவிட ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகள். 3 ஆண்டு என்பது சின்னக் கணக்கா என்று கேட்டால், இன்று தவழும் பேரக்குழந்தை பாலர் பள்ளிக்குப் போவதைப் பார்க்கும் காலம் அது.

ஆயுளுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பவர்களுக்கு: கடைசி சிகரெட்டுக்கு 20 நிமிடங்களில் நாடித்துடிப்பு தணியத் தொடங்குகிறது. இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் இரத்த ஓட்டமும் நுரையீரலும் தேறுகின்றன. ஒன்று முதல் ஒன்பது மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓராண்டில் இதய நோய் வரும் அபாயம் புகைப்பவருக்கு உள்ளதில் சுமார் பாதியாகிறது.

யாரை அழைப்பது

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன் எண் 1800 438 2000. அழைப்புக்குக் கட்டணம் இல்லை. சிகரெட், மின்சிகரெட் இரண்டையும் விட உதவி கேட்கலாம். வாரியத்தின் ‘ஐ குவிட்’ திட்டம் 28 நாள்களைக் கொண்டது. 28 நாள்கள் புகைக்காமல் இருந்தவர், முழுமையாக விட்டுவிடும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடுகிறது. மேலே சொன்ன கடினமான நான்கு வாரங்களும் இந்த 28 நாள்களும் ஒன்றே என்பதைக் கவனித்திருப்பீர்கள். இடையில் ஒன்று பிடித்துவிட்டால் பெட்டியை முடித்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மறுநாள் காலையில் தொடருங்கள். பலர் இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகுதான் விட்டிருக்கிறார்கள்.

பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ போகிறீர்கள் என்றால், சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், எத்தனை காப்பி, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பிடிப்பவருக்குப் பழக்கம் ஆழமாகப் பதிந்திருக்கும். அவருக்கு ஒட்டுப்பட்டையோ மாத்திரையோ துணையாகத் தேவைப்படலாம். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும் ஒரு வாரத்துக்கு நாள்காட்டியில் கோடு போட்டு வாருங்கள். முடிந்தால் உங்கள் துணைவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் குறட்டையைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல அவரிடம் நிறைய இருக்கும்.